கோலியனூரில் நிற்காத லாரி

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் டிப்போ விலாசத்துக்கு அனுப்பாமல், நீ தங்கியிருக்கும் அறைக்கு அனுப்புகிறேன். டிப்போவுக்கு வந்தால் கடைக்காரர்களின் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, வேலை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று நினைப்பாய். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்ததுதான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் அப்படியொன்றும் தூரமில்லை, பஸ் ஏறி வந்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் பாதியில் நானே பேச்சை மாற்றிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். எழுதும்போது என்னை நிறுத்துவதற்கு எதிரில் யாரும் இல்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் அறிவுரை அதிகமாக இருந்தது. இன்னொன்றில் என்னைப் பற்றிய சமாதானம் அதிகமாக இருந்தது. இது எப்படி வரும் என்று தெரியவில்லை.

பெண் வீட்டில் நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோமே, அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் மாமனாராகப் போகிறவர் உன் வேலையைப் பற்றிக் கேட்டார். சோப்பும் பிஸ்கட்டும் பால் பவுடரும் டிப்போவுக்கு எப்படி வருகின்றன, எந்தக் கிழமை எந்த ஊருக்கு வேன் போகிறது என்று நீ அழகாக எடுத்துச் சொன்னாய். இவ்வளவு ஒழுங்கை எங்கே கற்றுக்கொண்டீர்கள் மாப்பிள்ளை என்று அவர் கேட்டபோது நீ என் பக்கம் கையைக் காட்டினாய். "எல்லாம் எங்க அப்பாகிட்ட கத்துக்கினதுதான் மாமா. சொந்த மச்சான் ரோட்ல நின்னு கை காட்டுறாரு, இவரு லாரிய நிறுத்தல. வரிசைன்னா வரிசைதான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமனார் என்னைப் பார்த்துக் கும்பிடுவது போலக் கையைத் தூக்கி, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்றார். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். உன் அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தட்டில் வெற்றிலை நிறையவே இருந்தது. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். அன்று உன் கண் வேறு பக்கம் இருந்திருக்கும், அது நியாயம்தான்.

அந்தக் கதையை இனி எங்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். எழுதும்போது அது மட்டும் போதாது என்று தெரிகிறது. உன் அம்மாவின் ஒரே தம்பி ஏழுமலை உன் கல்யாணத்தில் தாய்மாமனாக வந்து நிற்பானா, உன் நெற்றியில் பட்டம் கட்டுவானா என்பதுதான் இந்த வீட்டில் இப்போது யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. போன முறை வந்தபோது நீ அதற்கு எளிதாக ஒரு பதில் சொல்லிவிட்டாய். பத்திரிகையைத் தபாலில் போடலாம், வந்தால் வரட்டும், இத்தனை வருஷம் நம் வீட்டுப் படி ஏறாதவர் முன்னால் போய் நாம் ஏன் நிற்க வேண்டும் என்றாய். எனக்காகத்தான் அப்படிப் பேசினாய். என்னை அவன் அவமதித்துவிட்டான் என்று நீ நம்புகிறாய். அந்த நம்பிக்கையை இத்தனை நாள் நானும் கலைக்கவில்லை, அது எனக்குச் சௌகரியமாக இருந்ததால்.

உனக்குக் காது குத்தியபோது நீ அவன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவன் விரலைப் பிடித்து நீ கடித்த கடியில் ரத்தம் வந்துவிட்டது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "மாப்ள பல்லு நல்லா கெட்டிடா" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். அப்போது அவனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. கோலியனூர் பக்கத்தில் அவர்கள் அப்பா விட்டுப்போன நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போட்டுக்கொண்டிருந்தான். கிணற்றடியில் ஒரு சின்னத் துண்டு தவிர எல்லாம் வானம் பார்த்த பூமி. அறுவடையானால் ஒரு மூட்டை பச்சை மல்லாட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவான். உன் அம்மா அதை அவித்து வைக்க, நீங்கள் இருவரும் உட்கார்ந்து கடலைத் தோலைக் குவித்துப் போடுவீர்கள். இதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். இல்லாவிட்டாலும் நினைவிருப்பதாக வைத்துக்கொள்.

நான் செய்த வேலை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்காகச் சொல்கிறேன். விதையும் உரமும் மொத்தமாக விற்கிற ஒரு முதலாளியிடம் நான் சரக்குப் பொறுப்பாளன். பெரிய குடோன் திண்டிவனத்தில், சின்னது விழுப்புரத்தில். விக்கிரவாண்டி, கோலியனூர், வளவனூர் என்று ரோட்டோரம் இருந்த கடைகளுக்கு இங்கிருந்துதான் எல்லாம் போக வேண்டும். நான் நிறையப் படித்தவன் என்று முதலாளிக்கு என்மேல் ஒரு மரியாதை. எனக்கோ என் படிப்பின் மேல் எப்போதும் சந்தேகம்தான். அதனால் எல்லாவற்றையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டால் என் பயம் அடங்கும் என்று நினைத்தேன். பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும், மூட்டை சுவரைத் தொடக் கூடாது, தரையில் பலகை இல்லாமல் எதையும் அடுக்கக் கூடாது. இவையெல்லாம் நல்ல விதிகள், இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விதிகள் கெட்டவை என்று சொல்ல நான் வரவில்லை. விதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற ஆள் எப்படி ஆகிவிடுகிறான் என்றுதான் சொல்ல வருகிறேன்.

நீ கல்லூரியில் இருந்தாய், அந்த வருஷம்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. விதை மல்லாட்டையைத் தோலோடுதான் கடைகளுக்கு அனுப்புவது வழக்கம். விதைக்கிற நாள் நெருங்கும்போது அந்தந்த ஊர்ப் பெண்கள் கூடி உட்கார்ந்து கையால் உடைத்துக் கொடுப்பார்கள். தோலோடு இருந்தால் மூட்டை இடத்தை அடைக்கும், லாரி பாதிக் காற்றைத்தான் சுமந்து போகும். திண்டிவனத்திலேயே எல்லாவற்றையும் முன்கூட்டி உடைத்துப் பருப்பாக அனுப்பினால் என்ன என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். லாரி நடை பாதியாகக் குறையும், மழை பெய்த மறுநாளே விதை கடையில் தயாராக இருக்கும். முதலாளி என் முதுகில் தட்டினார். வாழ்க்கையில் அவர் என் முதுகில் தட்டியது அந்த ஒரு முறைதான். சித்திரை கடைசியிலேயே ஆட்களை உட்கார வைத்து உடைக்க ஆரம்பித்துவிட்டோம்.

மழை வரவில்லை. வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. தோலுக்குள் இருந்தால் மல்லாட்டை எத்தனை மாதமானாலும் உயிரோடு இருக்கும். தோலை எடுத்துவிட்டால் அதற்கு வெயில் தாங்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அந்த மூட்டைகள் அடுக்கியபடி இருந்தன. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒரு கை அள்ளி ஈரத் துணியில் கட்டி வைத்துப் பார்த்திருக்கலாம். பார்த்தால் கெட்ட செய்தி வந்துவிடுமோ என்ற பயத்தில், பார்க்காமல் இருப்பதற்கு தினமும் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டேன். ஆடியில் நல்ல மழை ஒன்று இறங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள், என் திட்டப்படி விதை எல்லாக் கடையிலும் தயாராக இருந்தது. விதைத்தார்கள். ஏழுமலையும் விதைத்தான். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலு தளிர் நின்றது. மற்ற இடமெல்லாம் வெறும் மண். கடைசியில் செய்ய வேண்டிய வேலையைக் கடைசி ஊரிலேயே விட்டுவைக்க வேண்டும் என்ற பாடத்தை நான் இப்படித்தான் படித்தேன். நீ படித்த மேலாண்மைப் படிப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கக்கூடும். அது எனக்குத் தெரியாது.

முதலாளி நல்லவர். கெட்டுப்போன விதைக்குப் பதில் விதை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். திருவண்ணாமலைப் பக்கம் ஆள் அனுப்பி, தோலோடு இருந்த மல்லாட்டையைத் தேடிப் பிடித்து, வந்ததை வந்ததும் உடைத்து லாரி லாரியாக அனுப்பினோம். ஒரே நாளில் எல்லாருக்கும் கிடைக்காது என்பது தெளிவு. அதற்குள் இன்னொரு நல்ல மழையும் பெய்திருந்தது. மண்ணில் ஈரம் இருக்கிற சில நாட்களுக்குள் விதை போய்ச் சேர வேண்டும். யாருக்கு முதலில் என்று முடிவு செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. யார் முதலில் வந்து முறையிட்டார்களோ அவர்களுக்கு முதலில் என்று ஒரு வரிசை வைத்தேன். ஏழுமலை முதல் நாளே வந்தவன். ஆனால் அவன் பெயரை எடுத்துக் கடைசியில் போட்டேன். மச்சானுக்கு முதலில் தள்ளிவிட்டான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இத்தனைக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப் போகிறார்கள் என்று நானே உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டேன். நேர்மை என்றால் சொந்தக்காரனைக் கடைசியில் நிறுத்துவது என்று எனக்குள் யாரோ சொல்லிவைத்தது போல இருந்தது. மற்றவர்களைப் போல அவனை அவன் இடத்திலேயே விட்டிருந்தால் போதும், அதுவே நேர்மையாக இருந்திருக்கும். இது தெரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

ஒவ்வொரு லாரியிலும் நானே ஏறிப் போனேன், வழியில் யாரும் எதையும் இறக்கிவிடக் கூடாது என்பதற்காக. வளவனூர் லோடு போன அன்று காலையில் விழுப்புரம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். டிரைவர் ரஹீம் பாய், உனக்குத் தெரியும், உனக்கு ஹாரன் அடித்துக் காட்டுவாரே, அவர்தான். கோலியனூர் கூட்ரோட்டில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தான். தோளில் ஈரத் துண்டு, கால் முட்டி வரை சேறு. ஏர் பூட்டியிருந்த வயலிலிருந்து நேராக வந்திருக்கிறான். லாரியைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். ரஹீம் பாய் காலை பிரேக்கில் வைத்துவிட்டார்.

"சார், உங்க மச்சான் நின்னுக்கினு கீறாரு. ரெண்டு மூட்டை ஜல்தியா தள்ளிட்டுப் போயிடலாமே" என்றார்.

"அவருக்கு இன்னும் முறை வரல. போங்க" என்றேன்.

"ஈரம் காஞ்சிடப் போவுது சார்."

"போங்க பாய்."

லாரி வேகமெடுத்தது. நான் கண்ணாடிக்கு முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை எப்போது கீழே இறங்கியது என்று எனக்குத் தெரியாது. வளவனூரில் இறங்கும்போது ரஹீம் பாய், "பேஜாரு வேல சார் உங்க வேல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்து நடந்ததை நீ சொல்கிற கதையில் யாரும் சேர்ப்பதில்லை. வளவனூர் கடையில் அன்று இறக்கிய மூட்டைகளில் பாதிக்கு மேல் நாலைந்து நாள் அப்படியே கிடந்தன. அந்த ஊரில் பலருக்குக் கிணறும் மோட்டாரும் இருந்தன. ஈரம் போனாலும் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம், அவசரமில்லை என்று மெதுவாக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழுமலைக்கு அவன் முறை வந்து விதை இறங்கிய நாளில் மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. அவன் வாங்கிக்கொண்டான், கையெழுத்துப் போட்டான். அந்த வருஷம் அவன் நிலம் தரிசாகக் கிடந்தது. அடுத்த வருஷம் கிணற்றடித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, புதுச்சேரிப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டான். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறான். ஏர் பிடித்த ஆள் ஷிப்டுக்கு ஓடுகிறான்.

முதலாளி ஒரு நாள் பேச்சுவாக்கில் என்னைக் கேட்டார். "ஏன்யா, உன் மச்சான் நெலம் மானாவாரிதான? மொதல்ல குடுத்திருக்கலாம் இல்ல? நான் ஏதாவது கேட்டேனா உன்ன?" நான் முறைமை என்று ஏதோ இழுத்தேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இதையும் நான் கூட்டிச் சொல்கிறேனோ என்னவோ.

உன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது வேறு யாரோ சொல்லி. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள், "எங்க ஏழுமலை கை காட்டுச்சாமே, வண்டி நிக்கலையாமே?" நான் வரிசையைப் பற்றி, ஊர் வாயைப் பற்றி, வேலையைப் பற்றி நீளமாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "அவன்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்தது என்றேன். "தெரியலன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு இன்று வரை அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஊரில் இந்தக் கதை வேறு மாதிரிப் பரவியது. சொந்த மச்சானுக்கே லாரியை நிறுத்தாத மனுஷன் என்று கடைக்காரர்கள் என்னைக் காட்டிப் பேசினார்கள். வாழ்நாளெல்லாம் ஓரமாக நடந்தவனுக்கு அது ஒரு மாலை மாதிரி. நான் கழற்றி வைக்கவில்லை. நீ விடுமுறைக்கு வந்தபோது குடோனில் யாரோ உனக்கு அதைச் சொன்னார்கள். நீ வீட்டுக்கு வந்து என்னை ஒரு புது மாதிரியாகப் பார்த்தாய். அந்தப் பார்வைக்காகவே நான் வாயை மூடிக்கொண்டேன். நீ கெட்டிக்காரன், நான் சொல்லாததையும் சேர்த்து என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். அந்தக் கதையை வைத்துத்தான் நீ உன் வேலையையே கட்டியிருக்கிறாய் என்று இப்போது பயமாக இருக்கிறது.

போன முறை நீ சொன்ன விக்கிரவாண்டிக் கடைக்காரர் விஷயத்தையே எடுத்துக்கொள். அவர் ஊருக்கு வேன் வருவது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமையே சைக்கிளை மிதித்துக்கொண்டு டிப்போவுக்கு வந்து, குழந்தைகளுக்கான பால் பவுடர் கடையில் ஒரு டப்பா கூட இல்லை, ஒரே ஒரு பெட்டி கொடுங்கள், கேரியரில் கட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று நீ திருப்பி அனுப்பிவிட்டாய். நீ சொல்லி முடித்ததும் நான் தலையை ஆட்டினேன். சரியாகச் செய்தாய் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவர் ஊரில் எந்த வீட்டில் எந்தக் குழந்தை அந்த இரண்டு நாள் எதைக் குடித்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் கேட்க வேண்டும். யாருக்கு இன்றைக்கே வேண்டும், யாருக்கு வியாழக்கிழமை போதும் என்று கேட்பதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. சோப்புக்கு ஒரு வரிசை இருக்கட்டும், பால் பவுடருக்கு அதே வரிசை எதற்கு?

விழுப்புரத்தில் உங்கள் கம்பெனிக்கு இருக்கிற சின்ன குடோனை மூடிவிட்டு எல்லாவற்றையும் திண்டிவனத்திலேயே வைக்கப் போவதாகவும் சொன்னாய். வாடகை மிச்சம், ஆள் மிச்சம், கணக்கு ஒரே இடத்தில். உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். என் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. மழை பெய்து ரோடு அறுத்துக்கொண்டாலோ, ஏதாவது காரணத்துக்காக லாரி ஓடாமல் போனாலோ, அந்தக் கணக்கை யார் போடுவது? மூடித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு அறையையாவது வைத்துக்கொள், அவசரத்துக்கு வேண்டிய சரக்கு கொஞ்சம் அங்கே இருக்கட்டும். உன் வேன்காரர்களில் யாராவது வழியில் காலை பிரேக்கில் வைத்தால், ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய். நான் கேட்காமலே முடிவு செய்தேன். நீ என்னைவிடப் பெரிய இடத்தில் இருக்கிறாய், உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றுகிறது. தோன்றினாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இனி, நான் உனக்குச் சொல்லாமல் செய்த ஒரு காரியம். போன ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வீட்டுக்குப் போனேன். பத்திரிகை இன்னும் அச்சாகவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழமும் பூவும் வாங்கிக்கொண்டேன். போகும்போது பேச வேண்டியதை மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாமா. அக்கா நல்லா கீதா?" என்றான். நாற்காலியைத் தூக்கிப் போட்டான். அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள், காபி கொடுத்தாள். அவமதிப்பு என்று சொல்ல ஒரு துளி இல்லை. உன் வேலையைப் பற்றி விசாரித்தான், பெண் எந்த ஊர் என்று கேட்டான். நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துவிட்டது.

கடைசியில் ஒரு வழியாகச் சொன்னேன். "அன்னைக்கி நான் லாரிய நிறுத்தியிருக்கணும், ஏழுமலை."

அவன் துணியை மடித்து சைக்கிள் சீட்டின் மேல் வைத்தான். "மழ ஏமாத்துது, வெத ஏமாத்துது, அதெல்லாம் வெள்ளாமையில கீறதுதான் மாமா. அதுக்கா கோச்சிக்குவேன்? நீங்க என்னப் பாத்துட்டு, பாக்காத மாதிரி நேரா பாத்துக்கினு போனீங்களே" என்றான். குரல் உயரவில்லை.

உன் கல்யாணத்துக்கு வர வேண்டும், தாய்மாமனாக நின்று பட்டம் கட்ட வேண்டும் என்றேன். அவன் சிரித்தான். கிண்டல் செய்கிற சிரிப்புதான், ஆனால் அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வர்றேன் மாமா. வராம இருப்பேனா? எல்லாரும் போல வந்து, பந்தியில ஒக்காந்து சாப்ட்டு, வரிசையில நின்னு மொய் எழுதிட்டு வர்றேன். சொந்தக்காரன்னு முன்னாடி வந்து நின்னா ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க இல்ல?"

காபி ஆறிப் போயிருந்தது, அதைக் குடித்து முடித்தேன். எழுந்தபோது கூடவே ரோடு வரை வந்து, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டான். உட்கார இடம் கிடைத்ததா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் எங்கே போனேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆனால் பழமும் பூவும் வாங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "வர்றானா?" என்று கேட்டாள். "வர்றேன்னு சொன்னான்" என்றேன். எப்படி வருகிறேன் என்று சொன்னான் என்பதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். என்ன செய்ய, நான் மட்டும்தான் பார்த்தேன். அன்றிலிருந்து அவள் நிற்காமல் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆசாரியிடம் பட்டத்துக்குச் சொல்லியாயிற்று. தம்பி குடும்பம் வந்து தங்குவதற்குப் பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். அவனுக்கு எடுக்க வேண்டிய வேட்டிக்கு எத்தனை விரல் கரை என்று நேற்று என்னிடம் யோசனை கேட்டாள். நான் நாலு விரல் என்றேன்.

நான் மறுபடி போய்க் கேட்டால் அவன் இன்னொரு காபி கொடுத்து அதே மரியாதையோடு பஸ் ஏற்றிவிடுவான். என்னால் ஆகாது. அவன் மடியில் உட்கார்ந்தவன் நீ. தபாலில் போடாதே. பத்திரிகைக்காகக் காத்திருக்காதே, எனக்காகப் பேசவும் போகாதே. நான் செய்தது சரி என்று அங்கே போய் ஒரு வார்த்தை சொன்னாலும் எல்லாம் கெட்டுவிடும். மாமா என்று கூப்பிட்டு, பட்டம் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று கேள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷிப்டு இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டு வந்தால் நல்லது. அதற்கு மறுநாள் உன் அம்மா வேட்டி எடுக்கப் போகிறாள். அவளோடு கடைக்கு நான் போக வேண்டும்.

அப்பா